வலி நின்றது, கல் போய்விட்டதா?

"ஊசி போட்டுக்கிட்டேன், வலி நின்னுடுச்சு. அறுப்பு முடியட்டும், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துக்கலாம்." கல்லடைப்பு வந்தவர்கள் இப்படிச் சொல்வதைக் காவிரி டெல்டாவின் நெல் கிராமங்களில் எங்கும் கேட்கலாம். சம்பா அறுவடைக்கு ஆள் கிடைக்காத தை மாதத்தில் இந்தத் தள்ளிவைப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வலி நின்ற பிறகும் கல் அதே இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கலாம். வலியே இல்லாத அந்த வாரங்களில் ஒரு சிறுநீரகம் சத்தமில்லாமல் செயலிழந்து போகலாம். கல்லடைப்பைப் பற்றி டெல்டாவில் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

சிறுநீரகத்துக்குள் உருவாகும் கல் அங்கேயே கிடக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. அது நகர்ந்து சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இப்படி இறங்கிய கல்லுக்கு இன்று நம் கையில் உள்ள முக்கிய வழிகள் மூன்று: மருந்து கொடுத்துக் காத்திருப்பது, உடலைக் கீறாமல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி நொறுக்குவது, மெல்லிய குழாய்க்கருவியை உள்ளே விட்டு லேசரால் உடைத்து எடுப்பது. இவற்றில் முதல் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது காத்திருக்கலாம், எப்போது காத்திருக்கக் கூடாது என்பது தெளிவாகும்.

அடைப்பும் வலியும்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் உள்விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். குழாயின் தசைச்சுவர் அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளுகிறது. மூன்று இடங்களில் குழாய் இன்னும் குறுகலாகிறது: சிறுநீரகத்தை விட்டு வெளியேறும் இடம், இடுப்பருகே பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். கல் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில். வாய்க்காலில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் அதற்கு மேலே தண்ணீர் ஏறிக் கரையை முட்டுகிறது அல்லவா, அதுபோலக் கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது.

அடிமுதுகில் தொடங்கி விலாவைச் சுற்றித் தொடை இடுக்குவரை இறங்கும் அந்த வலிக்குக் காரணம் கல்லின் கூர்முனை என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும் பங்கு உள்ளே ஏறும் அழுத்தத்துக்குத்தான். அடைப்பு ஏற்பட்டதும் சிறுநீரகம் ப்ராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அதனால் அதற்குள் ரத்த ஓட்டம் கூடுகிறது, சிறுநீர் மேலும் சுரக்கிறது, அழுத்தம் மேலும் ஏறுகிறது. இந்தச் சுழற்சி உச்சத்தில் இருக்கும்போது மனிதர் படுக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் துடிக்கிறார்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்தானது. அடைப்பு நீடித்தால் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ரத்தவரத்து குறைகிறது. ரத்தத்தை வடிகட்டும் வேலையும் குறைகிறது. சிறுநீர் சுரப்பது குறைவதால் அழுத்தம் இறங்குகிறது, கூடவே வலியும் இறங்குகிறது. கல் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. நோயாளி குணமானதாக நினைக்கும் அதே நேரத்தில், அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் தன் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கலாம். முழு அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் இழந்த திறன் முழுமையாகத் திரும்புவதில்லை. அதனால்தான் கல் தானாக வெளியேறட்டும் என்று காத்திருப்பதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் என்ற எல்லையை மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

வெயிலும் வயலும்

கல் உருவாவதற்கான வேதியியல் எளியது. சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை கரைந்திருக்கின்றன. நீர் குறைந்து அவற்றின் அடர்த்தி கூடும்போது படிகம் விழுகிறது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். வியர்வையாக நீரை இழந்து, அதை ஈடுகட்டும் அளவுக்குக் குடிக்காத உடலில் இது எளிதில் நடக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் தென்னிந்திய இரும்பாலை ஒன்றில் கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்கேன் செய்யப்பட்ட 91 தொழிலாளர்களில் 27 சதவீதம் பேருக்குச் சிறுநீரகக் கல் இருந்தது. அதே குழு தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடமும் ஆய்வு நடத்தியது. வெயிலின் கடுமையும், வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததும் சேர்ந்து சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதை அது காட்டியது.

டெல்டாவின் வேலை நாட்காட்டியை இதனோடு வைத்துப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு தொடங்குகிறது. கத்திரி வெயில் கழிந்தாலும் சூடு தணியாத நாட்கள் அவை. சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. போர் தண்ணீரின் உப்பைக் குறை சொல்கிறோம். ஆனால் கல் விஷயத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைவிட, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறோம் என்பதே பெரிது.

மருந்து எதைச் செய்யும்

வலிக்கான முதல் மருந்து டைக்ளோஃபெனாக் போன்றவை. முன்பு சொன்ன ப்ராஸ்டகிளாண்டின் சுரப்பையே இவை தடுப்பதால், வலியை மரக்கச் செய்வதோடு நிற்காமல் உள்ளழுத்தத்தையும் குறைக்கின்றன. டெல்டாவிலிருந்து பலர் வேலைக்குப் போகும் கத்தார் நாட்டின் தோஹாவில், 1,600க்கும் மேற்பட்ட கல்வலி நோயாளிகளிடம் நடந்த சோதனை 2016இல் வெளியானது. அரை மணி நேரத்தில் வலியைப் பாதியாகக் குறைப்பதில் டைக்ளோஃபெனாக் ஊசி மார்ஃபினைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் இந்த ஊசிக்கும் எச்சரிக்கை உண்டு. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்களுக்கு இது தீங்கு செய்யலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது குறைப்பது வலியையும் அழுத்தத்தையும் மட்டும்தான். கல்லை அது தொடுவதில்லை.

கல் வெளியேற உதவும் என்று கொடுக்கப்படும் மாத்திரை டாம்சுலோசின். வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக வந்த மருந்து இது. சிறுநீர்க்குழாயின் தசையில், குறிப்பாக அதன் கீழ்ப்பகுதியில், ஆல்ஃபா ஏற்பிகள் நிறைய உண்டு. அவற்றைத் தடுத்துத் தசையைத் தளர்த்தினால் கல்லுக்கு வழி கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. சிறிய ஆய்வுகள் பல இதை ஆதரித்தன. உலகம் முழுவதும் மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக்கொடுத்தார்கள்.

2015இல் பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. நான்கு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசின் எடுத்தவர்களில் 81 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 80 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். பிறகு சீனாவில் 30 மையங்களில் 3,296 பேரிடம், குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்த 4 முதல் 7 மில்லிமீட்டர் கற்களுக்கு மட்டும் சோதித்தார்கள். அங்கே 86 சதவீதத்துக்கு எதிராக 79 சதவீதம் என்று மருந்துக்கு நன்மை தெரிந்தது. அந்த நன்மை 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களில்தான் இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் தெளிவானது. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கல்லில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தானாகவே வெளியேறிவிடும். அங்கே மாத்திரை கூடுதலாகச் செய்வது சொற்பம். 5 முதல் 10 மில்லிமீட்டர் கற்களில் ஏறத்தாழ பாதிதான் தானாக இறங்கும். அவை குழாயின் கீழ்ப்பகுதியில் இருந்தால் டாம்சுலோசின் ஓரளவு உதவும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு மாத்திரையை நம்பி நாளைக் கடத்துவது தவறு. இந்த மருந்து எடுப்பவர்களுக்குத் திடீரென்று எழும்போது தலைசுற்றலாம். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் கண் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கல்லையே கரைக்கும் மருந்து ஒரு வகைக்கு உண்டு. யூரிக் அமிலக் கல்லை, பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்துகளால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்துக் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை எந்த முறையிலும் நிரூபிக்கப்படவில்லை.

நீருக்குள் பிறந்த சிகிச்சை

அதிர்வலையால் கல்லை நொறுக்கும் யோசனை விமானத் தொழிலிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபெனில் உள்ள டார்னியர் நிறுவனம், ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்குள் பரவும் அதிர்வலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த அலைகள் உயிருள்ள திசுவைப் பெரிதாகச் சிதைக்காமல் கடந்து, கடினமான, நொறுங்கக்கூடிய பொருளைத்தான் உடைக்கின்றன என்பது தெரியவந்தது. மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர் கிறிஸ்டியன் சௌஸி, டார்னியர் பொறியாளர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். 1980 பிப்ரவரி 7 அன்று முதல் நோயாளிக்கு இந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1984 டிசம்பரில் அமெரிக்க அரசும் கருவிக்கு அனுமதி தந்தது. அதுவரை கல்லுக்காக விலாவை நீளமாகக் கீறிய அறுவை, சில ஆண்டுகளுக்குள் அரிதாகிவிட்டது.

இதன் இயற்பியல் அழகானது. ஒலி அலை ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது, இரண்டின் ஒலித்தடை ஒன்றாக இருந்தால் தடையின்றிக் கடந்துவிடும். வேறாக இருந்தால் எல்லையில் ஆற்றலின் ஒரு பங்கை விட்டுச்செல்லும். நம் தசையும் கொழுப்பும் ஏறத்தாழ நீரின் தன்மை கொண்டவை. அதனால் நீரில் பிறக்கும் அலை உடலுக்குள் பெரிய இழப்பின்றி நுழைகிறது. கல்லை எட்டியதும் தடை சட்டென்று மாறுகிறது. அலை கல்லை அமுக்குகிறது; கல்லின் பின்புறத்தில் எதிரொலித்து உள்ளிருந்து இழுக்கிறது; சுற்றியுள்ள நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி, அவை வெடித்துச் சுருங்கும் வேகத்தில் கல்லின் மேற்பரப்பை அரிக்கிறது. இவை மூன்றும் ஆயிரக்கணக்கான முறை நடக்கும்போது விரிசல்கள் ஒன்றுகூடிக் கல் துண்டுகளாகிறது.

முதல் கருவிகளில் நோயாளி மயக்க நிலையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடத்தப்பட்டார். தொட்டியின் அடியில் நீள்வட்ட வடிவப் பிரதிபலிப்பான் ஒன்று இருந்தது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவிமையங்கள் உண்டு. ஒன்றில் மின்பொறி வெடித்தால், கிளம்பும் அலை முழுவதும் மற்றதில் வந்து குவியும். அந்த இரண்டாவது புள்ளியில் கல் இருக்கும்படி எக்ஸ்ரே பார்த்து நோயாளியை நகர்த்தி வைத்தார்கள். இன்றைய கருவிகளில் தொட்டி இல்லை. நீர் நிரம்பிய மெத்தையும் ஜெல்லும் போதும். பல கருவிகள் மின்பொறிக்குப் பதிலாக மின்காந்தத்தால் அலையை உண்டாக்குகின்றன. கல்லை எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசவுண்டிலோ குறிவைக்கிறார்கள். வலிமருந்து கொடுத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில், இரண்டாயிரம் முதல் நான்காயிரம் அலைகள்வரை செலுத்துகிறார்கள். பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பலாம்.

அலையை வேகமாகச் செலுத்தினால் சீக்கிரம் உடையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. நிமிடத்துக்கு 120 என்ற வேகத்தைவிட 60 முதல் 90 என்ற நிதானத்தில் கல் நன்றாக உடைகிறது. முந்தைய அலை விட்டுச்சென்ற குமிழிகள் அடங்குவதற்கு நேரம் கிடைக்காவிட்டால், அடுத்த அலையின் ஆற்றலை அவையே தின்றுவிடுகின்றன. தொடக்கத்தில் ஆற்றலைக் குறைத்து வைத்து மெல்ல ஏற்றினால் சிறுநீரகத் திசுவுக்கும் பாதுகாப்பு கூடுகிறது.

நொறுக்கினால் போதாது, வெளியேற வேண்டும்

அதிர்வலை கல்லை உடைக்கிறது, வெளியே எடுப்பதில்லை. துண்டுகள் சிறுநீரோடு இறங்க நாட்களோ வாரங்களோ ஆகும். ஓரிரு நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வருவது இயல்பு. இந்தக் கட்டத்தில் டாம்சுலோசின் கொடுப்பது துண்டுகள் இறங்க உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. மருந்தும் அதிர்வலையும் கைகோக்கும் இடம் இது. சில நேரம் துண்டுகள் குழாயில் வரிசையாகக் குவிந்து மீண்டும் அடைத்துக்கொள்ளும். அதற்கும் வலி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எனவே இரண்டு மூன்று வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதி.

எல்லாக் கல்லும் அலைக்கு உடையாது. சி.டி. ஸ்கேனில் அடர்த்தி 1,000 ஹௌன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் காட்டும் கல் கெட்டியானது. பருமனான உடலில் தோலுக்கும் கல்லுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அலை வலுவிழக்கும். இடுப்பெலும்புக்கு நேராக உள்ள கல்லை எலும்பு மறைக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், கட்டுப்படாத சிறுநீர்த் தொற்று உள்ளவர்கள், கல்லுக்குக் கீழே குழாய் சுருங்கியிருப்பவர்கள் ஆகியோருக்கும் பொருந்தாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

லேசர் சிகிச்சையோடு ஒப்பிட்டால் எது மேல்? பிரிட்டனில் 613 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனை இதற்கு நேர்மையான விடை தருகிறது. முதலில் அதிர்வலை பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. முதலிலேயே யூரிட்டரோஸ்கோபி என்ற குழாய்க்கருவிச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களில் அது 10 சதவீதம். அதாவது லேசர் ஒரே முறையில் முடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதிர்வலை எடுத்த நூறு பேரில் எழுபத்தெட்டுப் பேர் மயக்க மருந்தும் அறுவை அரங்கும் இல்லாமலேயே தப்பித்தார்கள், செலவும் குறைந்தது. கல்லின் அளவு, இடம், அடர்த்தி, எத்தனை நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பவற்றை வைத்து நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. லேசருக்குப் பிறகு உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்திருந்தால், அதை எடுக்கும் தேதியைத் தவறவிடக் கூடாது. மறந்துபோன ஸ்டென்டின் மேலேயே புதிய கல் படியும்.

கைமருந்தும் தஞ்சையின் முன்மாதிரியும்

வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் குடிநீர், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளைக் கஷாயம் ஆகியவை டெல்டா வீடுகளில் கல்லடைப்புக்கு வழிவழியாகக் கொடுக்கப்படுகின்றன. இவற்றை இகழ்வதும் தவறு, கண்மூடி நம்புவதும் தவறு. சிறுபீளையும் நெருஞ்சிலும் விலங்குகளிலும் ஆய்வுக்கூடத்திலும் நம்பிக்கையான குறிகள் சிலவற்றைக் காட்டியிருக்கின்றன. குழாயில் சிக்கிய கல்லை அவை வெளியேற்றும் என்பதை, டாம்சுலோசினைச் சோதித்ததுபோல ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு இல்லை.

சோதித்துப் பதிந்து ஏற்பது தஞ்சாவூருக்குப் புதிதும் அல்ல. 1832வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலில் பல மருத்துவ மரபுகளின் வல்லுநர்களை ஒன்றாக அமர்த்தி மருந்துகளைத் தொகுக்கச் செய்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் விவரங்கள் படங்களோடு எழுதப்பட்டு இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அந்த ஊரின் மூலிகைகள் அதே ஒழுங்கோடு, இன்றைய முறையில் சோதிக்கப்பட வேண்டும். அதுவரை கஷாயம் குடிப்பவர்கள் ஒன்றை மட்டும் செய்யட்டும்: ஸ்கேனைத் தள்ளிப்போடாமல் இருக்கட்டும்.

வலி வந்த நேரத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வரும் என்பதற்கும் சான்று இல்லை. அடைத்த குழாய்க்கு மேலே அழுத்தத்தைக் கூட்டுவதுதான் மிச்சம். பீர் குடித்தால் கல் போகும் என்பது ஆபத்தான பேச்சு. மது உடலின் நீரை இறைத்துவிடும், யூரிக் அமிலத்தையும் கூட்டும்.

தண்ணீரின் உண்மையான பயன் அடுத்த கல்லைத் தடுப்பதில் இருக்கிறது. இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். நாள்தோறும் இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் கழியும்படி தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கே மீண்டும் கல் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். வெயிலில் வேலை செய்பவர்கள் மூன்று லிட்டருக்கு மேல் குடித்தால்தான் இந்த அளவு சிறுநீர் வரும். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருப்பதே அடையாளம். இதயநோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டியதில்லை. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுகிறது. குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துவரும் உப்பு. எலுமிச்சையின் சிட்ரேட் கல்லுக்கு எதிரி. உப்பில்லாமல் பிழிந்து குடிப்பது நல்லது.

கல்வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு வந்தாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்தால் அது ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கும். அப்போது முதலில் கல்லை உடைப்பதில்லை. குழாய் வைத்து வடித்துவிடுவதே உயிர் காக்கும் சிகிச்சை.

1959இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், 2022இல் திறந்த நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரியும் டெல்டாவிலேயே இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதிர்வலைக்கும் லேசருக்கும் எங்கே இடம் உண்டு என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைப்பவர்கள், வயலோரம் குடிநீரும் பெண்களுக்கு மறைவிடமும் அமைத்துக் கொடுங்கள். ஊராட்சிகள் அதை முன்னின்று செய்யட்டும். வலி தொடங்கிய தேதியைக் குறித்துவையுங்கள். சிறுநீரை வடிகட்டிக் கிடைக்கும் கல்லைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கல் விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், நான்கு வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குழாயில் கல் இல்லை, சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை என்று அந்த அறிக்கை சொன்ன பிறகே குணமாகிவிட்டது என்று சொல்லுங்கள்.